வெறுங்கை வாத்தியார்

நமது பள்ளிக்கூட மைதானத்தில் வாரத்துக்கு இரண்டு நாள் மாலையில் கராத்தே வகுப்பு நடக்கிறது. வெள்ளை உடையணிந்து, இடுப்பில் வர்ணப் பட்டி கட்டிய சிறுவர் சிறுமியர் வரிசையாக நின்று, ஒரே குரலாகக் கூவிக்கொண்டு ஆகாயத்தைக் குத்துவார்கள். ஆகாயமும், பாவம், பொறுமையாக வாங்கிக் கொள்ளும். இந்த வித்தைக்கும் நமக்கும் உள்ள சம்பந்தம், மைதானத்துக் கதவின் சாவி நம்மிடம் இருக்கிறது என்பது ஒன்றேதான்.

சில நாட்களுக்கு முன் ஒரு மாணவனின் தகப்பனார் நம்மை அணுகினார். "ஸார், பையன் சேர்ந்து ஆறு மாதமாகிறது. கறுப்புப் பட்டி எப்பொழுது கொடுப்பார்கள்?" என்று கேட்டார். கேள்வி நியாயமானதே. பணம் கட்டுகிறவர் பலனைக் கேட்பது உலக வழக்கம். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்டவுடன், கராத்தேயில் முதன்முதலாகக் கறுப்புப் பட்டி வழங்கிய மனிதர் நம் நினைவுக்கு வந்தார். அவர் பெயர் புனகோஷி கிச்சின். அவர் பயில்வானும் அல்லர், போர்வீரரும் அல்லர். நம்மைப் போல் ஆரம்பப் பள்ளிக்கூட உபாத்தியாயர். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பிள்ளைகளுக்கு எழுத்தும் கணக்கும் சொல்லிக் கொடுத்தவர். அந்த வாத்தியாரின் கதையை நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

குடுமியும் உத்தியோகமும்

ஜப்பானின் பெருந்தீவுகளுக்குத் தெற்கே, கடலில் சிதறிய மணிகளைப் போல் கிடக்கும் தீவுக் கூட்டத்தில் பெரியது ஓகினாவா. ஒரு காலத்தில் அது ரியூக்யூ என்னும் தனி ராஜ்யமாக இருந்தது. சீனத்தோடும் ஜப்பானோடும் வியாபாரம் செய்து, இருவருக்கும் மரியாதை செலுத்தி, இருவருக்கும் நடுவே பிழைத்து வந்த சின்னஞ்சிறு ராஜ்யம். 1609-இல் ஜப்பானின் தென்பகுதிப் பிரபுக்களான ஸத்ஸுமா வம்சத்தார் படையெடுத்து அதை அடக்கினார்கள். 1879-இல் ஜப்பான் அரசாங்கம் ராஜாவையே அகற்றி, நாட்டைத் தன் மாகாணங்களில் ஒன்றாகச் சேர்த்துக் கொண்டது. ஆயுதம் ஏந்தத் தடை விதிக்கப்பட்டதனால்தான் வெறுங்கையால் போராடும் வித்தை இங்கே வளர்ந்தது என்று தீவு மக்கள் வழிவழியாகச் சொல்லி வந்தார்கள்.

அந்த ராஜ்யத்தின் தலைநகரான ஷூரியில் 1868-இல் புனகோஷி பிறந்தார். குறைமாதத்தில் பிறந்த குழந்தை, நோஞ்சான். நெடுநாள் பிழைக்காது என்றே சுற்றத்தார் எண்ணினார்கள். தாய்வழிப் பாட்டனார் வீட்டில் வளர்ந்து, அவரிடமே சீனத்துப் பழைய சாஸ்திர நூல்களைப் பாடம் கேட்டார்.

இளைஞரானதும் வைத்தியப் படிப்பில் சேர வேண்டுமென்று ஆசை கொண்டார். பரீக்ஷையிலும் தேறிவிட்டார். குறுக்கே நின்றது குடுமி! புதிய அரசாங்கம் பழைய குடுமியை ஒழிக்க முனைந்திருந்தது. குடுமி வைத்தவருக்கு வைத்தியக் கல்லூரியில் இடமில்லை. ஓகினாவாவிலோ குடுமி என்பது வெறும் மயிர் முடிச்சு அல்ல; போய்விட்ட ராஜ்யத்தின் மிச்சம். புனகோஷி குடும்பத்தார் பழைய வழியை விடமாட்டோம் என்று உறுதியாக நின்ற கட்சியைச் சேர்ந்தவர்கள். ஆகவே வைத்தியப் படிப்பு கனவாய்ப் போயிற்று. கிராப்புக்கும் குடுமிக்கும் நடந்த சண்டையை நம் பாட்டனார்களின் காலத்தில் நாமும் கண்டவர்களே. ஆதலால் இதைப் புரிந்து கொள்வது நமக்குக் கஷ்டமில்லை.

ஆனால் வயிறு என்று ஒன்று இருக்கிறதே! 1888-இல் ஆரம்பப் பள்ளியில் உதவி உபாத்தியாயர் வேலை கிடைத்தது. அதற்கும் குடுமியை எடுக்க வேண்டும். இந்தத் தடவை எடுத்துவிட்டார். வீட்டுக்குத் திரும்பியபோது தகப்பனார் கோபத்தால் கொதித்தார். தாயாரோ மகனின் தலையைப் பார்க்கச் சகியாமல், கொல்லைப்புற வழியாகத் தம் பிறந்த வீட்டுக்குப் போய்விட்டார். இதைத் தம் முதுமையில் எழுதிய சுயசரிதத்தில் புனகோஷியே சொல்லியிருக்கிறார்.

கொல்லைப்புறப் பாடசாலை

பகலில் வாத்தியார். இரவில்? இரவில் அவர் மாணாக்கர்.

சிறுவயதில் அவரோடு படித்த தோழன் ஒருவனுடைய தகப்பனார் அஸாதோ என்பவர். உயர்குடிப் பிரபு, குதிரையேற்றம், வாள், வில் ஆகிய எல்லாவற்றிலும் கைதேர்ந்தவர், கராத்தேயில் அந்தத் தீவில் இணையற்றவர்களில் ஒருவர். நோஞ்சான் பையனாக இருந்தபோதே புனகோஷி அவரிடம் பாடம் கேட்கத் தொடங்கினார். அந்நாளில் கராத்தே ரகசிய வித்தை. பலகை மாட்டிய பள்ளி கிடையாது. பகிரங்கமாகப் பயிலவும் கூடாது. ஆகவே இரவில், கையில் மங்கலான விளக்கோடு, தனி வழியே ஆசான் வீட்டுக்கு நடந்து போவார். விடியும் தறுவாயில் வீடு திரும்புவார். இந்த இளைஞன் இரவெல்லாம் எங்கே போய்விட்டு வருகிறான் என்று அக்கம்பக்கத்தார் ஏதேதோ ஊகித்தார்களாம். என்ன ஊகித்திருப்பார்கள் என்பதை நேயர்களின் கற்பனைக்கே விட்டுவிடுகிறோம்.

பாடம் நடந்த விதத்தைக் கேளுங்கள். கராத்தேயில் 'காத்தா' என்பது உயிர்நாடி. தடுத்தல், குத்துதல், உதைத்தல், திரும்புதல் ஆகிய அசைவுகளை ஓர் ஒழுங்கில் கோத்து, எதிரி இருப்பதாகப் பாவித்துத் தனியாகச் செய்யும் முறைக்குக் காத்தா என்று பெயர். பரதநாட்டியத்தில் அடவுகளைக் கோத்து ஜதி அமைப்பது போல் என்று சொல்லலாம். அஸாதோவின் கொல்லையில் இந்தக் காத்தாவை ஒன்றன்பின் ஒன்றாக அல்ல, ஒன்றையே திரும்பத் திரும்ப மாதக்கணக்கில் செய்ய வேண்டும். ஆசான் தாழ்வாரத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் ஒரு சிறு விளக்கு. சிஷ்யன் முடித்ததும், இன்னொரு தடவை என்பார். அதையும் முடித்தால், இன்னும் கொஞ்சம் என்பார். எப்பொழுதோ ஒரு சமயம் நன்று என்று ஒரு சொல் வந்தால் அதுவே பெரும் விருது. ஆசானுக்குத் திருப்தி உண்டாகும் வரையில் அடுத்த பாடம் கிடையாது.

குதிரைமேல் அமர்ந்தவன் போல் முழங்காலை மடக்கி நின்று, ஒரே நேர்கோட்டில் வலமும் இடமுமாக நகர்ந்து செய்யும் காத்தா ஒரு வகை. அதில் மூன்று பகுதிகள். பார்த்தால் மிகவும் எளிது, துள்ளலில்லை, பாய்ச்சலில்லை. இந்த மூன்றையும் கற்க அவருக்குப் பத்து ஆண்டுகள் ஆயின. ஒரு காத்தாவுக்கு மூன்று ஆண்டு என்பது அக்காலத்துக் கணக்கு.

உபாத்தியாயர் என்ற முறையில் இந்தப் பத்து ஆண்டுகளைப் பற்றி நாம் பலமுறை யோசித்திருக்கிறோம். சிஷ்யனை வீணாக அலைக்கழிப்பதாக முதலில் தோன்றுகிறது. ஆனால் ஒரு செயலை நூறு தடவை செய்தவன் அதைத் தெரிந்து கொள்கிறான். பதினாயிரம் தடவை செய்தவன் அதில் தன்னைத் தெரிந்து கொள்கிறான். எங்கே அவசரப்படுகிறோம், எங்கே மூச்சை விடுகிறோம், எந்தக் கணத்தில் கவனம் சிதறுகிறது என்பதெல்லாம் புதிய பாடத்தில் தெரியாது. பழைய பாடத்தில்தான் தெரியும். சங்கீதம் பயின்றவர்கள் இதை உடனே ஒப்புக்கொள்வார்கள். சரளி வரிசையைத் தாண்டிவிட்டோம் என்று எண்ணிய பாடகர் உருப்பட்டதில்லை.

அஸாதோவின் நண்பர் இதோசு என்பவரிடமும் புனகோஷி பாடம் கேட்டார். இரு ஆசான்களும் ஒருவர் சிஷ்யனை மற்றவரிடம் மனமுவந்து அனுப்பினார்கள். வித்துவான்களிடையே இது எவ்வளவு அபூர்வம் என்பது நேயர்களுக்குத் தெரியும். வைத்தியர் மருந்தும் இரவு நடையும் இந்த அப்பியாசமும் சேர்ந்து, பிழைக்காது என்று கைவிடப்பட்ட குழந்தையின் சரீரத்தைத் திடப்படுத்தின.

பெரும் புயல் வீசிய ஒரு நாள், இடுப்புத் துணியோடு வீட்டுக் கூரைமேல் ஏறி, கையில் ஒரு பெரிய பாயைப் பிடித்துக் கொண்டு, குதிரை நிலையில் காற்றை எதிர்த்து நின்றாராம். புயல் அவரைத் தூக்கிச் சேற்றில் எறியும். எழுந்து மறுபடியும் ஏறுவார். பள்ளிக்கூட வாத்தியார் இப்படிச் செய்யலாமா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். மரியாதையோடு இவ்வளவு பைத்தியக்காரத்தனமும் சேர்ந்தால்தான் ஒரு வித்தை கைவரும் போலும்.

பலகாரம் பறிபோன இரவு

இனி, நம் மனத்தை மிகவும் கவர்ந்த சம்பவத்துக்கு வருவோம். ஒரு நாள் இரவு, பிதுர்களின் பீடத்தில் படைப்பதற்காக வாங்கிய பலகாரப் பொட்டலத்துடன் புனகோஷி நடந்து கொண்டிருந்தார். தேவதாரு மரங்களின் இருட்டில் தடியர்கள் இருவர் வழிமறித்தார்கள். சண்டை என்றால் அவருக்குச் சிரமம் இருந்திராது. ஆனால் அவர் பணிவாகப் பேசி, பொட்டலத்தை அவர்களிடமே கொடுத்துவிட்டு, வெறுங்கையுடன் தம் வழியே போனார்.

மறுபடி ஆசான்கள் இருவரும் ஒருங்கிருந்தபோது இதைச் சொன்னார். இதோசு மெச்சினார். அஸாதோ மட்டும், பலகாரம் போய்விட்டதே, பிதுர்களுக்கு எதைப் படைத்தாய் என்று கேட்டார். மனப்பூர்வமான பிரார்த்தனையைப் படைத்தேன் என்றார் சிஷ்யர். அப்பொழுதுதான் அஸாதோவின் வாயிலிருந்து அந்த அபூர்வமான பாராட்டு வந்தது. இத்தனை வருஷமாகக் கற்றதன் பயன் இதுவே என்று அவர் மகிழ்ந்தார். பத்து ஆண்டு குத்தப் பழகியவனுக்கு, குத்தாமல் வந்ததற்காகப் பாராட்டு!

இதைக் கோழைத்தனம் என்பார் உண்டு. ஓடத் தெரிந்தவன் உட்கார்ந்திருப்பது வேறு. கால் இல்லாதவன் உட்கார்ந்திருப்பது வேறு. அடிக்க இயலாதவனின் பொறுமையில் உலகம் ஒன்றும் கற்றுக் கொள்வதில்லை. அடிக்க வல்லவன் பொறுப்பதில்தான் பெருமை இருக்கிறது.

இதற்கிடையில் ரகசிய வித்தை பகிரங்கமாயிற்று. 1901-இல் இதோசு அதை ஓகினாவாவின் ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் நுழைத்தார். பிறகு மேல்நிலைப் பள்ளிகளுக்கும் கொண்டு போனார். பிள்ளைகளுக்கென்று எளிய காத்தா ஐந்தை வகுத்தார். 1908-இல் கல்வி அதிகாரிகளுக்கு ஒரு கடிதம் எழுதி, இதைத் தேகப்பயிற்சியாக எல்லாப் பள்ளிகளிலும் வைக்கலாம் என்று வாதாடினார். கொல்லைப்புற விளக்கொளியிலிருந்து பள்ளிக்கூடத்து வெயிலுக்கு வித்தை வந்தது. நம் மைதானத்துப் பிள்ளைகள் வரிசையாக நிற்பதன் மூலம் அதுதான்.

தோட்டக்காரரும் ஆசானும்

1922-இல் டோக்கியோ நகரத்தில் ஜப்பானியக் கல்வி இலாகா ஒரு தேகப்பயிற்சிக் கண்காட்சி நடத்தியது. ஓகினாவா வித்தையைக் காட்டப் புனகோஷி சென்றார். அப்பொழுது அவருக்கு வயது ஐம்பத்து மூன்று. உபாத்தியாயர் வேலையிலிருந்து விலகியிருந்தார். சில நாளில் திரும்பிவிடுவதாகவே எண்ணம். ஆனால் ஜூடோவை வகுத்த கானோ ஜிகோரோ தம் கொதோகான் கூடத்துக்கு அழைத்துச் செய்து காட்டச் சொன்னார். தங்கிக் கற்பிக்கும்படியும் ஊக்கினார். கோசுகி என்னும் சித்திரக்காரரும் வற்புறுத்தினார். சில நாள் வருஷங்களாயின. மனைவியார் ஓகினாவாவிலேயே தங்கினார். பிதுர்களின் சமாதியைக் கவனிக்க ஒருவர் வேண்டுமே!

அந்த அம்மையாரைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்லாவிட்டால் நாம் குற்றவாளியாவோம். வாத்தியார் சம்பளம் எல்லாக் காலத்திலும் எல்லாத் தேசத்திலும் ஒரே மாதிரிதான் போலிருக்கிறது. பெரிய குடும்பம், சிறிய வருமானம். துணி நெய்தும் காய்கறி பயிரிட்டும் அவரே குடும்பத்தைக் காப்பாற்றினார். உடம்பு அலுத்துப் போனால், பிடித்துவிடச் சொல்லிப் படுப்பதில்லை; வெளியே போய்க் கணவரிடம் பார்த்துக் கற்ற காத்தாவைச் செய்வாராம்.

டோக்கியோவில் ஓகினாவா மாணவர்கள் தங்கிய விடுதியில் ஒரு சிறு அறை புனகோஷிக்குக் கிடைத்தது. மாணவர்கள் வெளியே போன நேரத்தில் அங்குள்ள கூடத்தில் வகுப்பு நடத்துவார். வாடகைக்குப் பதிலாக விடுதியைக் காவல் காத்து, அறைகளைச் சுத்தம் செய்து, தோட்டத்தைப் பெருக்குவார். கையில் காசில்லாத சமயத்தில் பழைய தொப்பியையும் நெய்த உடுப்பையும் அடகு வைத்ததுண்டு. ஒரு நாள் பத்திரிகை நிருபர் ஒருவர் வந்து, தோட்டம் பெருக்கிக் கொண்டிருந்த கிழவரிடம், "கராத்தே ஆசான் புனகோஷி எங்கே?" என்று விசாரித்தார். ஒரு நிமிஷம் பொறுக்கச் சொல்லிவிட்டு மாடிக்கு ஓடினார் கிழவர். நல்ல உடுப்பு அணிந்து இறங்கி வந்து, தாமே புனகோஷி என்று வணங்கினார். தோட்டக்காரரும் ஆசானும் ஒருவரே என்பது நிருபருக்குத் தெரியவேயில்லை.

1922-இல் முதல் புத்தகம் வெளிவந்தது. 1923 செப்டம்பர் 1-ஆந் தேதி நேர்ந்த பெரும் பூகம்பமும் தீயும் அதன் அச்சுத் தகடுகளை அழித்தன. திருத்தி எழுதிய புத்தகம் 1925-இல் வந்தது. 1924-இல் கேயோ பல்கலைக்கழகத்தில் கராத்தே சங்கம் தோன்றியது. மற்றப் பல்கலைக்கழகங்களும் பின்தொடர்ந்தன. அதே ஆண்டில்தான் தம் சிஷ்யர் சிலருக்குக் கறுப்புப் பட்டி வழங்கினார். அந்தப் பழக்கமும் கானோவின் ஜூடோவிலிருந்து கடன் வாங்கியதே. ஆக, நம் நண்பர் கேட்ட கறுப்புப் பட்டிக்கு இப்பொழுது வயது நூறு. வித்தையின் வயதோ அதைவிட மிகவும் அதிகம்.

ஒரு எழுத்தை மாற்றிய கதை

கராத்தே என்ற சொல்லை எழுதப் பழைய வழக்கில் 'சீனக் கை' என்று பொருள்படும் எழுத்துக்களை உபயோகித்தார்கள். அதே உச்சரிப்புக்கு 'வெறுங்கை' என்று பொருள்படும்படியும் எழுதலாம். ஹனாஷிரோ என்னும் ஓகினாவா ஆசான் 1905-லேயே அப்படி எழுதியதுண்டு. 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் புனகோஷி இந்த மாற்றத்தை உறுதியாக மேற்கொண்டார். கையில் ஆயுதமில்லை என்பது மட்டும் பொருளல்ல. மனத்தில் ஆசையும் அகந்தையும் இல்லாத வெறுமையும் பொருள் என்று விளக்கினார். இந்தக் கருத்துக்கு அவர் ஆதாரமாகக் கொண்டது பிரஜ்ஞா பாரமிதா ஹிருதய சூத்திரம் என்னும் பௌத்த நூலின் சூனியத் தத்துவம். பாரத நாட்டில் முளைத்த பௌத்த தத்துவம் சீனத்தின் வழியே ஜப்பானுக்குப் போய், ஒரு ஓகினாவா வாத்தியாரின் முஷ்டியில் தங்கியது என்று எண்ணும்போது நமக்குச் சற்றே பெருமிதம் உண்டாவது இயற்கை.

ஆனால் பெருமிதத்தோடு நிறுத்திக் கொள்வது நேர்மையாகாது. அக்காலம் ஜப்பான் சீனத்தின்மேல் பாய்ந்து கொண்டிருந்த காலம். சீனத்தின் பெயரை அழிப்பது ஆளுவோருக்கு உகப்பாயிருந்தது. காத்தாக்களின் ஓகினாவாப் பெயர்களையும் ஜப்பானியச் செவிக்கு இனிக்கும்படி புனகோஷி மாற்றினார். ஓகினாவாவில் பலருக்கு இது பிடிக்கவில்லை. ராஜ்யத்தை இழந்தோம், குடுமியை இழந்தோம், இப்பொழுது வித்தையின் பெயரையும் இழப்பதா என்று அவர்கள் வருந்தியதில் நியாயமில்லை என்று எப்படிச் சொல்வது? எனினும் 1936-இல் நாஹா நகரத்தில் கூடிய ஓகினாவா ஆசான்கள் தாங்களே வெறுங்கை என்ற எழுத்தை ஏற்றுக்கொண்டார்கள். பெரிய தேசத்தின் வாசலில் சிறிய தேசத்தின் செல்வத்தைக் கொண்டுபோய் வைப்பவன், உள்ளே நுழையும்போது சற்றுக் குனிய வேண்டியிருக்கிறது. குனிந்தது எவ்வளவு, கொண்டு போய்ச் சேர்த்தது எவ்வளவு என்பதை வைத்துத்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். நம்மைக் கேட்டால், பெயர் மாறினும் பொருள் கெடவில்லை என்றே சொல்வோம்.

வெறுமையான கூடம்

1930-களின் பிற்பாதியில் சிஷ்யர்கள் பணம் திரட்டி அவருக்கென்று ஒரு பயிற்சிக்கூடம் கட்டினார்கள். அவர் கவிதை எழுதும்போது வைத்துக் கொண்ட புனைபெயர் ஷோத்தோ. தேவதாரு மரங்களில் காற்று எழுப்பும் அலையோசை என்பது பொருள். இளமையில் ஷூரி நகரத்துக் குன்றில் தனியே உலாவியபோது கேட்ட ஓசை அது. அந்தப் பெயராலேயே கூடத்துக்கு ஷோத்தோகான் என்று பெயரிட்டார்கள். எழுபது வயதை எட்டும் சமயத்தில் அவருக்குச் சொந்தக் கூடம் வாய்த்தது.

பிறகு மகா யுத்தம். அவரிடம் பயின்ற இளைஞர்கள் போர்முனைக்குப் போனார்கள். மரணச் செய்தி ஒவ்வொன்றாக வந்தது. செய்தி வந்த நாளில் யாருமற்ற கூடத்தில் தனியாக நின்று, அந்தப் பிள்ளை உற்சாகத்தோடு பயின்ற நாளை நினைத்துப் பிரார்த்தனை செய்வாராம். பாடம் சொன்ன வகுப்பறையில் காலியான இடத்தைப் பார்த்து நின்ற எந்த உபாத்தியாயருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

1945-இல் விமானத் தாக்குதலில் கூடமும் எரிந்து சாம்பலாயிற்று. தமக்குப் பின் நிற்பான் என்று அவர் நம்பிய மகன் கிகோ, கராத்தேயில் தந்தைக்கு இணையாக வளர்ந்தவன், போர் முடிவை ஒட்டி க்ஷயரோகத்தால் மாண்டான். அதே 1945-இல் ஓகினாவாவில் நடந்த கொடும் போரில் அத்தீவு மக்களில் ஏறத்தாழ நாலில் ஒருவர் மாண்டனர். ஷூரிக் கோட்டை தரைமட்டமாயிற்று. தப்பிப் பிழைத்து ஜப்பானின் ஓயிதா என்னும் இடத்துக்கு வந்து சேர்ந்த மனைவியாரோடு, நெடுநாள் பிரிவுக்குப் பின் அவர் சிறிது காலம் வாழ்ந்தார். 1947-இல் அந்த அம்மையாரும் காலமானார். கூடமில்லை, மகனில்லை, மனைவியில்லை, பிறந்த ஊரில்லை. தாம் தேர்ந்தெடுத்த எழுத்தின் பொருளை விதி இவ்வளவு கடுமையாக அவருக்கு விளக்கியிருக்க வேண்டாம்.

எண்பது வயதில் ஒரு வெட்கம்

யுத்தத்துக்குப் பின் ஜப்பானில் பசியும் வேலையின்மையும் தலைவிரித்தாடின. புனகோஷிக்கு ஏறக்குறைய எண்பது வயது. ஒரு கவிதைக் கூட்டத்துக்குப் போய்விட்டு இரவில் தனியாகத் திரும்பிக் கொண்டிருந்தார். ஒரு மனிதன் இருட்டிலிருந்து பாய்ந்து, அவர் கையிலிருந்ததைப் பறிக்க முயன்று, குடையை எடுத்து அவரை அடிக்க ஓங்கினான். கிழவர் குனிந்து தப்பி, அவனுடைய மர்மஸ்தானத்தை இறுகப் பற்றிக்கொண்டார். திருடன் அசைய முடியாமல் தவித்தான். அந்தப் பக்கமாக வந்த போலீஸ்காரரிடம் அவனை ஒப்படைத்தார்.

இத்தோடு கதை முடிந்திருந்தால், எண்பது வயதுக் கிழவர் திருடனைப் பிடித்தார் என்று பத்திரிகைகள் கொட்டை எழுத்தில் போடலாம். ஆனால் புனகோஷி என்ன எழுதினார்? தாம் அன்று செய்ததற்காக வெட்கப்பட்டதாக எழுதினார். அவன் போர்முனையிலிருந்து திரும்பி, வேலையின்றித் திரிந்தவனாயிருக்கலாம். பசியால் கணநேரத்தில் புத்தி தடுமாறியிருக்கலாம். கராத்தேயில் முதல் அடி நம்முடையதாக இருக்கக் கூடாது என்று வாழ்நாளெல்லாம் போதித்த தாமே, முந்திக்கொண்டு கையை நீட்டினோமே என்று வருந்தினார்.

நியாயமாகப் பார்த்தால் அவர் மேல் குற்றம் ஏதுமில்லை. தற்காப்புக்காகச் செய்ததை எந்தக் கோர்ட்டும் தண்டிக்காது. ஆனாலும் அவருடைய கோர்ட்டு வேறு. இளமையில் பலகாரத்தைக் கொடுத்துவிட்டு நடந்த இரவு ஒரு தட்டிலும், முதுமையில் திருடனைப் பிடித்த இரவு மற்றொரு தட்டிலும் வைத்து, தராசு முன்னதன் பக்கமே தாழ்வதைக் கண்டார். அறுபது வருஷத்துப் பயிற்சிக்குப் பின்னும் தம் காத்தாவில் ஒரு பிழையைக் கண்டு, இன்னொரு தடவை என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார் என்று நாம் கொள்கிறோம். அஸாதோவின் தாழ்வாரத்து விளக்கு இன்னும் எரிந்து கொண்டிருந்தது.

1949-இல் சிஷ்யர்கள் ஜப்பான் கராத்தே சங்கத்தை அமைத்து அவரைத் தலைமை ஆசானாகக் கௌரவித்தார்கள். 1957 ஏப்ரல் 26-ஆந் தேதி எண்பத்தெட்டாம் வயதில் அவர் மறைந்தார். கவசம் பூண்டு ஒருவரையொருவர் அடித்துப் பார்க்கும் பந்தயம் அவருக்கு எப்பொழுதும் உகந்ததில்லை. ஆனால் அவர் மறைந்த ஆண்டிலேயே அந்தச் சங்கம் தன் முதல் பந்தயத்தை நடத்தியது. காலம் ஆசானுக்காகக் காத்திருப்பதில்லை. 2021-இல் டோக்கியோவில் நடந்த ஒலிம்பிக் பந்தயத்தில் கராத்தேக்கும் இடம் கிடைத்தது. ஆண்களுக்கான காத்தாவில் தங்கப் பதக்கம் பெற்றவர் ஓகினாவாக்காரரான கியூனா ரியோ. தலைநகருக்கு ஒரு வாத்தியார் தனியாக எடுத்துச் சென்ற வித்தையில், நூறு ஆண்டு கழித்து அவருடைய தீவின் பிள்ளையே முதலாவதாக நின்றான். அவர் அதைக் கண்டிருந்தால் பதக்கத்தைப் பாராட்டியிருப்பாரா, காத்தாவில் பிழை கண்டிருப்பாரா என்பது சுவையான விவாதம்.

நம் நண்பரின் கேள்விக்கு வருவோம். கறுப்புப் பட்டி எப்பொழுது கிடைக்கும் என்று நமக்குத் தெரியாது. அது பயிற்றுபவர் சொல்ல வேண்டியது. ஆனால் மூன்று பாடத்துக்குப் பத்து ஆண்டு செலவிட்ட ஒருவர் இருந்தார் என்றும், எண்பது வயதில் அவர் ஒரு திருடனைப் பிடித்ததற்காக வெட்கப்பட்டார் என்றும் சொன்னோம். நண்பர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்படியானால் என் பையனுக்கு இன்னும் ரொம்ப நாள் இருக்கிறது, ஸார்" என்றார்.

மைதானத்தில் அந்தப் பையன் ஒரே அடியை வைத்து, திரும்பி, மறுபடியும் அதே அடியை வைத்துக் கொண்டிருந்தான். இருட்டிவிட்டது. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நாம் காத்திருந்தோம்.